குளத்துத் தண்ணீர் கெட்டால் எங்கிருந்து தேடுவது: திருகோணமலைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தை மாதம் வான் பாய்ந்த குளம் ஆவணியில் ஏன் இந்தக் கோலத்தில் கிடக்கிறது என்று வருடா வருடம் யாராவது கேட்டு வருகிறார்கள். தம்பலகாமம், முதலிக்குளம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. கமக்கார அமைப்புகளோடு சேர்ந்து குளங்களையும் கிணறுகளையும் பார்த்துப் பார்த்துப் பழகியதில், எதை முதலில் சோதிப்பது, எதற்குக் காசு செலவழிக்கக் கூடாது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு அதிகாரிகளைக் கூப்பிடுவது என்று ஒரு வரிசை கைவந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளத்தில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் குளத்தில் தொடங்கியதாக இருக்காது. எந்த அறிகுறியைக் கண்டாலும் தண்ணீர் வரும் வாய்க்கால் வழியே மேலே நடந்து பாருங்கள். அந்த நடைக்குச் செலவில்லை. மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்துக்கும் மருந்துக்கும் பணம் சேர்க்கிற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு வெள்ளைத் தட்டு, கயிறு, நீளமான மூங்கில் கம்பு, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள், தண்ணீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்டும், கடையில் கிடைக்கும் சிறிய ரீ.டீ.எஸ். மீற்றர், திகதி போட்டு எழுத ஒரு கொப்பி. கொப்பியை மறந்துவிடாதீர்கள். போன வருடம் இதே மாதம் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாதவர் பேச்சு எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

குளம் யாருடைய பொறுப்பு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாசனம் செய்யும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதைவிடப் பெரியவை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ இருக்கும். இது தெரியாமல் அலைந்தே ஒரு போகம் போய்விடும்.

அறிகுறி: விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன

எல்லோரும் உடனே "யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள்" என்பார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோவது. இரண்டையும் பிரித்தறியக் கரையில் நின்றே சில சோதனைகள் செய்யலாம்.

எப்போது செத்தன? பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் பிராணவாயுவை விடுகின்றன, இரவில் அவையும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் விடியும் நேரத்தில்தான் அது ஆகக் குறைவாக இருக்கும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெயில் ஏறியதும் தப்பியவை மீண்டும் கீழே போய்விட்டால் காரணம் காற்றுக் குறைவுதான். நண்பகலில், நல்ல வெயிலில், திடீரென்று செத்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள்.

எந்த மீன் செத்தது? இந்தச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். விராலும் சுங்கானும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. திலாப்பியாவும் கெண்டையும் செத்துக் கிடக்க, விரால் உயிரோடு திரிந்தால் பிராணவாயுக் குறைவு. விராலும் சேர்ந்து செத்திருந்தால் விஷயம் வேறு.

பெரியதா, சிறியதா? காற்றுக் குறைந்தால் பொதுவாகப் பெரிய மீன்கள் முதலில் போகும். நஞ்சென்றால் குஞ்சும் பெரியதும் ஒன்றாகக் கிடக்கும். கரையோரப் புல்லை ஒரு வடியால் அலசிப் பாருங்கள். இறாலும் நீர்ப்பூச்சிகளும் செத்திருந்தால் பூச்சிநாசினியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அவைதான் அதற்கு முதலில் பலியாகின்றன.

ஒரே இனம் மட்டும், நாளுக்குச் சிலவாக, உடம்பில் புண்ணோடு சாகிறதா? அது நோய்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். முதலாவது, கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறியது. இரண்டாவது, வெட்டிப்போட்ட ஆற்றுவாழையோ (ஆகாயத்தாமரை) செத்த பாசியோ குளத்திலேயே அழுகுவது. மூன்றாவது, ஐப்பசியில் விழும் முதல் மழை. காய்ந்து கிடந்த வயலிலும் வாய்க்காலிலும் சேர்ந்த சாணமும் சருகும் ஒரே இரவில் உள்ளே வரும், அடுத்த நாள் காலையில் மீன் மிதக்கும். நான்காவது, தெளிகருவியை வாய்க்காலில் கழுவியது. ஐந்தாவது, அரிசி ஆலைக் கழிவு போன்றவை.

காற்றுக் குறைவென்றால் செய்யக் கூடியது உண்டு. வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் பம்பியை வைத்துக் குளத்துத் தண்ணீரையே உயர எடுத்து மீண்டும் குளத்திலேயே விசிறி விடுங்கள். இரவின் பின்பகுதியில் செய்தால்தான் பலன். செத்த மீனை அள்ளிக் குளத்திலிருந்து தள்ளிப் புதையுங்கள். கிடந்தால் அதுவும் அழுகி மிச்சமுள்ள காற்றையும் எடுத்துவிடும்.

*எப்போது கூப்பிடுவது:* விராலும் செத்திருந்தால், இறாலும் பூச்சியும் செத்திருந்தால், செத்த மீனைத் தின்ற காகமோ நாயோ விழுந்தால், அந்த நிமிடமே. குளிப்பையும் மாட்டை இறக்குவதையும் நிறுத்துங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும், மீன் வளர்க்கும் குளமென்றால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கும் அறிவியுங்கள். செவுள் இன்னும் சிவப்பாக இருக்கிற மீனாகப் பார்த்து எடுத்து ஐசில் வையுங்கள். ஊதி வெடித்த மீனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை.

அறிகுறி: குளத்தை ஆற்றுவாழை அல்லது சல்வீனியா மூடிவிட்டது

தண்ணீரில் மிதந்து பரவும் இந்த இரண்டு செடிகளும் நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவை. ஆற்றுவாழைக்கு எதிராக 1909-லேயே சட்டம் போட வேண்டிய நிலை இலங்கைக்கு வந்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அது போகவில்லை என்பதை நினைத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள். ஒரே சிரமதானத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பித் தொடங்கியவர்கள்தான் அடுத்த வருடம் மனம் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

இது வெறும் அழகுக் கேடு அல்ல. கீழே வெளிச்சம் போகாது, மீன் பெருகாது, தூண்டிலோ வலையோ போட முடியாது, தண்ணீர் திறந்துவிடும் துருசு அடைபடும். கோடையில் தண்ணீர் பின்வாங்கும்போது அலைகரையில் முளைக்கும் புல்லையும் அது நெரித்துவிடும். அந்தப் புல்லை நம்பித்தான் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமை மந்தைகளும், கந்தளாய், முதலிக்குளம் பக்கத்து யானைகளும் வறண்ட மாதங்களைக் கழிக்கின்றன. புல் இல்லாவிட்டால் யானை எங்கே வரும் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் சோதனை: செடி எங்கே அடர்த்தி? வாய்க்கால் வாயில் என்றால் மேலிருந்து வந்துகொண்டிருக்கிறது. மேல் குளத்தைப் பார்க்காமல் உங்கள் குளத்தைச் சுத்தம் செய்வது வீண் வேலை. நைலோன் கயிற்றில் வெற்றுக் கேன்களைக் கட்டி வாய்க்கால் வாயின் குறுக்கே போடுங்கள். வருவது அங்கே நிற்கும், வாரம் ஒருமுறை அள்ளினால் போதும்.

அடுத்த சோதனை: இலை எப்படி இருக்கிறது? தடித்துக் கரும்பச்சையாகத் தழைத்திருந்தால் தண்ணீரில் பசளைச் சத்து நிறைய இருக்கிறது. வயல் கழிவுநீரோ மலசலகூடக் கழிவோ எங்கோ சேர்கிறது. அதைக் கண்டுபிடிக்காதவரை செடி திரும்பத் திரும்ப வரும்.

அள்ளும் வேலைக்கு ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் ஒடுங்கியிருக்கும் நேரம்தான் தோது. அள்ளியதைக் குளக்கட்டிலோ அலைகரையிலோ குவிக்காதீர்கள், முதல் வெள்ளத்தில் அது திரும்பி வரும். குளத்துக்கு வெளியே மேட்டில் காய வைத்துப் பசளையாக்குங்கள். ஆற்றுவாழை விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால் அடுத்தடுத்த மாரிகளிலும் முளைப்பதைப் பார்த்துப் பிடுங்க வேண்டும்.

களைநாசினி அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். அத்தனை செடியும் ஒரேயடியாகச் செத்து அழுகினால் மேலே சொன்ன மீன் சாவு நிச்சயம். தண்ணீரில் மருந்தும் மிஞ்சும்.

*எப்போது கூப்பிடுவது:* குளத்தில் பாதிக்கு மேல் மூடிவிட்டால் கையால் முடியாது. கமநல சேவை நிலையத்தினூடாக இயந்திரம் கேளுங்கள். சல்வீனியா மட்டும் என்றால் அதைத் தின்னும் ஒருவகைச் சிறு வண்டு உண்டு, இலங்கையில் ஏற்கெனவே விடப்பட்டதுதான். ஆனால் விவசாயத் திணைக்களத்தாரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நீங்களாக எந்த உயிரையும் கொண்டுவந்து குளத்தில் விடாதீர்கள்.

அறிகுறி: தண்ணீர் பச்சையாகிவிட்டது, குளித்தால் கடிக்கிறது

பச்சை எல்லாம் ஒன்றல்ல. ஒரு தடியை விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி, பெரிதாகப் பயமில்லை. பச்சைப் பெயின்றில் தோய்த்து எடுத்தது போலத் தடி வந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உறுதிப்படுத்த ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை கீழே படிந்திருந்தால் ஆறுதல். மேலே வளையமாக மிதந்து நின்றால் நீலப்பச்சைப் பாசி என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அதில் சில வகை நஞ்சு சுரக்கும். கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது. இதை வீடு வீடாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொதித்தாறிய நீர் என்றால் எதற்கும் போதும் என்று நம்மவர்கள் நம்பியிருக்கிறார்கள். மயில்துத்தம், குளோரின் எதையும் கொட்டக் கூடாது. பாசி வெடித்து உள்ளேயிருந்த நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்துவிடும். சிறுவர், நாய், ஆடுமாடு எதையும் இறக்காதீர்கள்.

காரணத்தைத் துணி துவைக்கும் கல்லிலிருந்து தேடத் தொடங்குங்கள். சவர்க்காரத் தண்ணீர் நேரே குளத்தில் விழுகிறதென்றால் கல்லைப் பின்னுக்கு இழுத்து, தண்ணீர் மண்ணில் ஊறும்படி குழி வெட்டுங்கள். அடுத்தது மேல் வயல். மழை இருட்டிக்கொண்டு வரும்போது போட்ட யூரியாவும் ரீ.எஸ்.பி.யும் பயிருக்குப் போகவில்லை, உங்கள் குளத்துக்கு வந்திருக்கிறது. பசளை போட்டவருக்கும் அது நட்டம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு போய்ப் பேசினால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். வயலுக்கும் குளத்துக்கும் நடுவே புல்லும் நாணலும் ஒரு பட்டையாக நிற்க விடுவது செலவில்லாத வடிகட்டி. அதைத் துப்புரவு என்ற பெயரில் செதுக்கி எடுக்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் ஒவ்வொரு கோடையிலும் பச்சையானால் சத்து சேற்றுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அது தூர்வாரும் வேலை, செலவு கூடியது. யாருக்காவது குளித்தபின் வாந்தி, தோல் கொப்புளம், கண் எரிவு வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள்.

அறிகுறி: வருடம் முழுக்கக் கலங்கல், குளம் ஆழமற்றுப் போய்விட்டது

மழைக்குப் பிறகு சில நாள் கலங்குவது இயல்பு. தெளியவே இல்லை என்றால் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று எழுதி வாருங்கள். மூங்கில் கம்பால் சேற்றின் ஆழத்தையும் குத்திப் பாருங்கள். கம்பு மென்மையாக இறங்கி, பிறகு கெட்டியாக முட்டும் இடம்தான் பழைய அடித்தரை.

எருமை உழக்கும் இடம், உடைந்த வாய்க்கால் கரை, புதிதாக வெட்டி வெளியாக்கிய காடு என்று இந்த வரிசையில் பாருங்கள். மாடு இறங்க ஒரே ஒரு துறையை ஒதுக்கிக் கல் பரப்பினாலே பல குளங்கள் தெளிந்துவிடும். நீரேந்து பகுதியில் மரம் போயிருந்தால் ஒவ்வொரு மாரியும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அதை நிறுத்தாமல் தூர்வாரினால் அதே மண்ணை மறுபடி மறுபடி அள்ளுவீர்கள்.

தூர்வாரலில் ஒரு எச்சரிக்கை. குளத்தின் அடியில் உள்ள களிமண் படைதான் தண்ணீரைத் தாங்குகிறது. பெக்கோக்காரர் அதையும் தாண்டி மஞ்சள் மணல் வரும்வரை தோண்டினால் குளம் ஒழுகும். மண் விற்பதற்காகவே இலவசமாகத் தூர்வாரித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து குறித்துத் தராமல், எழுத்தில் அனுமதி இல்லாமல், ஒரு வாளி போடவும் விடாதீர்கள்.

அறிகுறி: கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது

நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்க் கரையோரம் எல்லாம் இந்தக் கேள்விதான் அதிகம். மணலுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு ஏறக்குறைய 40 அடி ஏறும் என்பது கணக்கு. அதனால் கிணற்றை ஆழமாக்குவது தீர்வே அல்ல. உப்பை நோக்கி நாமே தோண்டிப் போகிறோம்.

கிணற்றின் மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் தனித்தனியாக எடுத்து மீற்றரில் பாருங்கள். அடித்தண்ணீருக்கு, கல் கட்டிய போத்தலை மூடியோடு இறக்கி, மூடியில் கட்டிய நூலைக் கீழே போனதும் இழுத்தால் போதும். அடியில் மட்டும் கூடுதலென்றால் கடல் கீழிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றென்றால் பக்கத்துக் கிணறுகளைப் பாருங்கள். உங்களுடையது மட்டும் உவரென்றால் மலசலகூடக் குழி எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். 50 அடிக்குள் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மணல் தரையில் 50 அடியும் போதாமல் போகலாம்.

காலையில் இறைக்கும் முன் ஒரு அளவு, ஒரு மணி நேரம் பம்பி ஓடிய பின் ஒரு அளவு எடுங்கள். ஏறினால் உங்கள் பம்பிதான் உப்பை இழுக்கிறது. சிறிய பம்பி, குறைந்த நேரம், இடைவெளி விட்டு இறைப்பு, உறிஞ்சும் குழாயின் முனையை மேலே தூக்கிவிடுவது, இவற்றோடு பல கிணறுகள் திரும்பி வரும். வெங்காயத் தோட்டக்காரர்களுக்கு இது கடினம் என்று தெரியும். ஆனால் எல்லோரும் ஒரே மாலையில் இறைக்காமல் முறை போட்டுக்கொள்ளலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அப்படி இறைத்து உப்புப் போகவில்லை. மழைதான் கழுவியது, அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் இன்னும் கெட வாய்ப்பிருந்தது. உவர்க் கிணற்றைக் கண்டால் இறைத்துத் தள்ளுவோம் என்ற எண்ணம் வரும்போது இதை நினைவில் வையுங்கள். மாறாக மாரியில் கூரை நீரை வடித்துக் கிணற்றோரக் குழியில் ஊற விடுங்கள். ஊர்ச் சிறு குளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டினால் பக்கத்துக் கிணறுகள் உவராகும் என்பதும் இதே கணக்குத்தான்.

மகாவலியின் கடைசிப் பகுதியில், ஆற்றங்கரைக் கிணறுகள் பல ஒன்றாகத் தாழ்ந்து உவர்த்தால் ஆற்றைப் பாருங்கள். பாலத்தூணின் அடி வெளியே தெரிகிறதா, கரை இடிந்து விழுகிறதா? அளவுக்கு மீறி மணல் அள்ளினால் ஆற்றுப் படுகை தாழும், கொட்டியாரக் குடாவின் கடல்நீர் அடியில் படிந்து மேலே மேலே ஏறும். அது தனி ஒருவரால் தீர்க்கக் கூடியது அல்ல. அனுமதி கொடுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் திகதியிட்ட படங்களோடு ஊர் சேர்ந்து எழுத வேண்டும்.

*எப்போது கூப்பிடுவது:* ஒரு மாரி முழுக்கப் பெய்தும் குறையாவிட்டால். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 500 மில்லிகிராம், குளோரைட் 250, நைத்திரேற்று 50. மீற்றர் முதலாவதை மட்டும்தான் சொல்லும், மற்றவற்றுக்கு ஆய்வுகூடம் வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடென்றால் காத்திருக்காமல் நைத்திரேற்றைப் பாருங்கள். கொதிக்க வைத்தால் அது போகாது, கூடும்.

அறிகுறி: குளக்கட்டின் வெளிப்புறத்தில் நீர் கசிகிறது

தெளிவாகக் கசிந்தால் குறித்து வைத்து அன்றே அறிவியுங்கள். கலங்கலாகக் கசிந்தால் கட்டின் மண் உள்ளிருந்து கரைந்து வெளியேறுகிறது. சோதனை எல்லாம் வேண்டாம், கீழே உள்ள வீடுகளை எழுப்புங்கள், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அழையுங்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் கட்டு உடைந்து 120-க்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது.

ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் மாதிரி

கிருமிப் பரிசோதனைக்குக் கழுவிய சோடாப் போத்தல் உதவாது. கிருமி நீக்கிய போத்தலைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டு வாங்குங்கள். பூச்சிநாசினிச் சந்தேகத்துக்குக் கண்ணாடிப் போத்தலே வேண்டும், பிளாஸ்டிக் அதை உறிஞ்சிவிடும். வெயில் படாமல் ஐசில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். போத்தலின் மேல் இடம், திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், மேல் வயலில் கடைசியாக என்ன அடித்தார்கள் என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டறிந்து எழுதினால் எதைத் தேடுவது என்று ஆய்வாளருக்குத் தெரியும், இல்லாவிட்டால் பொதுவான பரிசோதனையோடு நின்றுவிடும்.